வயது மட்டும் ஒயினை உயர்த்திவிடாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரான்சின் புகழ்பெற்ற சிவப்பு ஒயின்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இத்தகைய பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் மிகக் குறைவு என்பதால் அம்முயற்சியை மனமார வரவேற்கிறேன். ஆயினும், ஷாத்தோ லாத்தூர் ஒயினைப் பற்றிப் பேசுமிடத்தில், ஆண்டுகள் ஏற ஏற அதன் தரமும் ஏறிக்கொண்டே போகும் என்று கட்டுரையாளர் பொதுப்படையாகச் சொல்லிச் சென்றதையும், அதற்குச் சான்றாக ஏல விலைகளை மட்டுமே அடுக்கியிருந்ததையும் அப்படியே விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. உலகில் உற்பத்தியாகும் ஒயினில் மிகப் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளுக்குள் குடித்து முடிப்பதற்கென்றே செய்யப்படுகிறது. அதை இருபது ஆண்டுகள் பூட்டி வைத்தால் வெளுத்துச் சுவையிழந்த ஒரு நீர்மம்தான் மிஞ்சும். பல பத்தாண்டுகள் தாங்கி முதிரும் ஆற்றல் மிகச் சில ஒயின்களுக்கே உண்டு. லாத்தூர் அவற்றுள் முன்வரிசையில் நிற்கிறது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது, எந்த ஆண்டில் எவ்வளவு வருகிறது, எப்போது தீர்ந்துபோகிறது என்பவற்றைச் சொல்லாமல் வயதை மட்டும் புகழ்வது, அந்த ஒயினுக்கும் நியாயம் செய்யாது, வாசகர்களுக்கும் உதவாது.

முதலில் நிலத்தைச் சொல்ல வேண்டும். போர்தோ நகருக்கு வடக்கே, ஜிரோந்து கழிமுகத்தின் இடக்கரையில், மெதோக் என்னும் நெடிய நிலப்பகுதியில் போயாக் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் தென் எல்லையில் லாத்தூர் தோட்டம் அமைந்துள்ளது. மாளிகையைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 47 ஹெக்டேர் பரப்பை ‘லான்க்ளோ’ என்று அழைக்கிறார்கள். லாத்தூர் என்ற பெயரில் வெளிவரும் முதன்மை ஒயினுக்கு இந்தப் பகுதியின் பழங்களே ஆதாரம். மேற்பரப்பில் ஆறு கொண்டுவந்து சேர்த்த பருத்த சரளைக்கற்கள், அவற்றின் அடியில் களிமண் என்ற இந்த அடுக்குதான் இத்தோட்டத்தின் பெருஞ்செல்வம். மழைநீரைச் சரளை உடனே வடித்துவிடுவதால் கொடியின் வேர் நீரைத் தேடி ஆழத்துக்கு இறங்குகிறது. பகல் வெயிலை வாங்கிக்கொண்டு கற்கள் பழம் கனிய உதவுகின்றன. அடியிலுள்ள களிமண்ணோ வறண்ட கோடையிலும் சிறிது ஈரத்தைத் தேக்கி வைத்துக்கொள்கிறது. சில நூறு மீட்டர் தொலைவில் விரிந்து கிடக்கும் கழிமுகத்தின் நீர்ப்பரப்பு குளிரையும் வெப்பத்தையும் மட்டுப்படுத்துகிறது. 1991-ஆம் ஆண்டு ஏப்ரலில் விழுந்த கடும் உறைபனி போர்தோ முழுவதையும் வாட்டியபோது, ஆற்றை ஒட்டிய இத்தகைய தோட்டங்கள் மற்றவற்றைவிடக் குறைந்த சேதத்தோடு தப்பியதற்கு இதுவே காரணம். பிற தோட்டங்கள் சோர்ந்துபோன ஆண்டுகளிலும் லாத்தூர் மதிக்கத்தக்க ஒயினைத் தந்துவந்திருக்கிறது என்று பல தலைமுறைகளாக ஒயின் வணிகர்கள் சொல்லிவருவதும் இந்த மண்ணையும் ஆற்றையும் மனத்தில் கொண்டுதான்.

அடுத்தது திராட்சை ரகம். கபர்னே சோவிஞ்ஞோன் இங்கே ஆட்சி செய்கிறது. முதன்மை ஒயினில் அதன் பங்கு வழக்கமாக முக்கால் பங்குக்கு மேல் இருக்கும். அண்மைக்கால விளைச்சல்களில் பத்தில் ஒன்பது பங்கையும் தாண்டியிருக்கிறது. எஞ்சியது பெரும்பாலும் மெர்லோ. கபர்னே சோவிஞ்ஞோனின் பழம் சிறியது, தோல் தடித்தது, சாற்றின் அளவோடு ஒப்பிட்டால் தோலும் விதையும் மிகுதி. நாவற்பழம் தின்ற வாயில் நெடுநேரம் தங்குகிற அந்தத் துவர்ப்பை நினைத்துப் பார்த்தால், இளம் லாத்தூர் நாவில் செய்வது என்னவென்று தமிழ் வாசகர்களுக்கு எளிதில் விளங்கும். அத்துவர்ப்பைத் தருகிற பொருள்கள் டானின்கள். அவை எச்சிலிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொண்டு வாயின் வழவழப்பைப் போக்கிவிடுவதால்தான் நாக்கு வறண்டு இழுத்துப் பிடித்ததுபோல் ஆகிறது. ஆகவே, பெரும் பொருட்செலவில் ஓர் இளம் புட்டியை வாங்கி உடனே திறப்பவருக்குக் கிடைப்பது ஏமாற்றமாகவே இருக்கக்கூடும்.

ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தத் துவர்ப்பு அடங்குவது எப்படி? இவ்விடத்தில் கட்டுரையாளர் ஒரே வரியில் ‘மென்மையாகிறது’ என்று முடித்துவிட்டார். உண்மையில் இந்தப் பொருளின் உயிர்நாடியே இங்குதான் இருக்கிறது. புதிய ஒயினின் ஊதா கலந்த அடர்சிவப்பு, தோலிலிருந்து வந்த ஆந்தோசயனின் என்னும் நிறமிகளால் ஆனது. தனித்து நிற்கும் அந்நிறமிகள் நிலையற்றவை. சில ஆண்டுகளிலேயே அவற்றில் பெரும்பகுதி அழிந்துவிடும். ஆனால் டானின்கள் போதிய அளவில் இருக்கும்போது நிறமிகள் அவற்றோடு பிணைந்து, முன்னைவிட உறுதியான புதிய சேர்மங்களாக மாறிவிடுகின்றன. ஓக் பீப்பாயின் மரத்துளைகள் வழியாகவும், பின்னர்ப் புட்டியின் தக்கை வழியாகவும் மிக மிகச் சிறிய அளவில் உட்புகும் ஆக்சிஜன் இந்தப் பிணைப்புக்குத் துணைசெய்கிறது. ஆக்சிஜனால் ஆல்ககாலிலிருந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடு, டானினையும் நிறமியையும் இணைக்கும் பாலமாக அமைகிறது. இவ்வாறு பெருத்துப்போன மூலக்கூறுகளில் ஒரு பகுதி ஒயினில் கரைந்து நிற்க முடியாமல் வண்டலாகப் புட்டியின் அடியில் படிகிறது. பழைய ஒயினைப் பரிமாறும் முன் வண்டல் கலங்காதபடி மெல்ல வேறு கலத்துக்கு வடிப்பது இதனால்தான். டானின் சங்கிலிகள் நீண்டுகொண்டே போய்ப் படிந்துவிடுவதால்தான் துவர்ப்பு குறைகிறது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது. அது பாதி விளக்கமே. ஒயினின் புளிப்புத்தன்மையில் அதே சங்கிலிகள் அறுபடவும் செய்கின்றன. அறுந்தவை மறுபடி வேறு வகையில் இணைகின்றன. ஒன்றுகூடுவதும் பிரிவதும் ஒரே புட்டிக்குள் பல பத்தாண்டுகள் நடந்துகொண்டிருக்க, நிறம் மாணிக்கச் சிவப்பாகி, ஓரங்களில் செங்கல் நிறம் ஏறுகிறது.

மணமும் இதே காலத்தில் உருமாறுகிறது. இளமையில் ‘பிளாக்கரண்ட்’ என்னும் கருநிறச் சிறுகனியும் புதிய ஓக் மரமுமாக மணப்பது, முதிர்ந்தபின் தேவதாரு மரம், உலர்ந்த புகையிலை, பென்சில் சீவும்போது எழும் கரிய மணம், பதப்படுத்திய தோல், மழைக்குப் பிந்திய காட்டுத்தரை என்று விரிகிறது. போயாக் ஒயினை அறிந்தவர்கள் முதலில் தேடுவது அந்தத் தேவதாரு மணத்தைத்தான். இடையில் ஒரு மௌனப் பருவமும் உண்டு. புட்டியில் அடைத்த சில ஆண்டுகளில் இளமையின் பழமணம் ஒடுங்கிவிடும். முதிர்ச்சியின் மணம் இன்னும் எழுந்திருக்காது. அந்நாளில் திறந்தால் ஒயின் வாய்திறவாது. எவ்வளவு காலம் அது நீடிக்கும் என்பதை எந்த அட்டவணையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இனி, ஆண்டுகளுக்கு வருவோம். லாத்தூர் முதிரும் என்று சொல்வதோடு நிறுத்தாமல், எந்த ஆண்டின் லாத்தூர் என்று கேட்டே தீர வேண்டும். 1928, 1929 ஆகிய அடுத்தடுத்த இரு விளைச்சல்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1929-இன் ஒயின்கள் இளமையிலேயே இணக்கமும் இனிமையும் காட்டியவை. 1928-இன் லாத்தூரோ டானின் மிகுதியால் முரடாக நின்று, பல பத்தாண்டுகளுக்குப் பிறகே இளகியது என்பது ஒயின் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. 1961-இல் வசந்தகாலக் குளிர், பூக்கள் உதிர்ந்தது, பின்னர் வந்த வறட்சி எல்லாம் சேர்ந்து விளைச்சலைப் பெரிதும் சுருக்கிவிட்டன. கொடியில் எஞ்சிய சிறிதளவு பழத்தில் எல்லாம் செறிந்ததால் அவ்வாண்டின் லாத்தூர், இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த போர்தோ ஒயின்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. 1975 இதற்கு நேர்மாறான பாடம். போர்தோவில் அவ்வாண்டு டானின் தாராளமாக இருந்தது. அதனால் ஆயுள் நீளும் என்று பலர் நம்பி வைத்திருந்தார்கள். ஆனால் பல தோட்டங்களின் ஒயின்களில் துவர்ப்பு அடங்குவதற்குள் பழச்சுவை வற்றிப்போயிற்று. 1982-இல் பழம் நன்கு கனிந்து, ஒயின் இளமையிலேயே இனித்ததால், இது நெடுநாள் நிற்காது என்று சிலர் ஐயுற்றனர். அந்த ஐயம் பொய்த்தது. 1982 லாத்தூர் இன்றும் போற்றப்படுகிறது. ஆக, துவர்ப்பு எவ்வளவு என்பதோடு, அத்துவர்ப்பைத் தாங்கும் பழச்செறிவும் புளிப்பும் அதற்கு ஈடாக உள்ளனவா, தோலும் விதையும் நன்கு முதிர்ந்த பின் பறிக்கப்பட்டனவா என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது. கனியாத கபர்னே சோவிஞ்ஞோனில் பச்சைக் குடைமிளகாயின் வாடை இருக்கும். அதைத் தரும் சேர்மங்கள் காலத்தால் எளிதில் கரைவதில்லை. தோட்டத்தில் நேர்ந்த குறையை நிலவறை ஒருபோதும் திருத்தாது.

லாத்தூரின் பெருமைக்குச் சான்றாக 1855-ஆம் ஆண்டுத் தரவரிசையைக் கட்டுரை சுட்டியிருந்தது. அவ்வாண்டு பாரிசில் நடந்த உலகக் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியனின் விருப்பப்படி போர்தோவின் ஒயின் தரகர்கள் வகுத்த பட்டியல் அது. லாஃபித், லாத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கும் அதில் முதல் தரத்தைப் பெற்றன. 1973-இல் மூத்தோன் ரோத்சில்டு அவற்றோடு சேர்க்கப்பட்டது. ஆனால், அந்தப் பட்டியல் முதிரும் ஆற்றலை அளந்து வகுக்கப்பட்டதன்று. அந்தந்த ஒயின் சந்தையில் நெடுங்காலம் பெற்றுவந்த விலையே அதற்கு அடிப்படை. கட்டுரையில் வந்த மற்றொரு சிறு பிழையையும் இங்கேயே குறிப்பிட்டுவிடுகிறேன்: தோட்டத்தில் இன்று நிற்கும் வட்டக் கோபுரம் இடைக்காலக் கோட்டையின் எச்சமன்று, பதினேழாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட புறாக்கூடு அது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே நடந்த நூறாண்டுப் போர்க்காலத்துக் கோபுரம் எப்போதோ மறைந்துவிட்டது.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது புட்டி கிடந்த இடத்தைப் பற்றியது. ஒரே ஆண்டில், ஒரே நாளில் அடைக்கப்பட்ட இரு லாத்தூர் புட்டிகள் ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒன்றுக்கொன்று அறிமுகமே இல்லாதவைபோல் இருக்கக்கூடும். ஏறத்தாழ 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் வரையான சீரான குளிர்ச்சி, தக்கை உலராத அளவுக்குக் காற்றில் ஈரம், இருள், அசைவின்மை ஆகியவை ஒயினுக்கு வேண்டும். தக்கை எப்போதும் நனைந்திருக்கும்படி புட்டியைப் படுக்கவைக்க வேண்டும். வெப்பம் ஏறினால் வேதிவினைகள் விரைவுபடும்; ஆனால் எல்லா வினைகளும் ஒரே அளவில் விரைவுபடுவதில்லை. அதனால், வெப்பமான அறையில் வைத்து இருபது ஆண்டு முதிர்ச்சியை ஐந்தே ஆண்டில் பெற்றுவிடலாம் என்ற எண்ணம் வீண். அப்படிச் செய்தால் மணம் சிதைந்து, காய்ச்சிய பழம்போல் ஒரு தட்டையான சுவையே மிஞ்சும். வெப்பநிலை ஏறி இறங்கும் இடமாக இருந்தால் புட்டிக்குள் இருக்கும் நீர்மம் விரிந்து சுருங்கித் தக்கையின் பிடிப்பைத் தளர்த்திவிடும். காற்று புகுந்து ஒயின் ஆக்சிஜனேற்றம் அடையும்.

பழைய புட்டியை வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது சீட்டிலுள்ள ஆண்டையன்று, புட்டிக்குள் ஒயின் எந்த மட்டம் வரை நிற்கிறது என்பதையே. மட்டம் கழுத்தில் நின்றால் நலம். மிகப் பழைய புட்டியில், கழுத்துக்குக் கீழே புட்டி விரியும் தோளின் மேற்பகுதி வரை இறங்கியிருப்பது இயல்புதான். தோளின் நடுவுக்குக் கீழே போய்விட்டால், எவ்வளவு பெயர்பெற்ற ஆண்டாயினும் ஐயத்தோடுதான் அணுக வேண்டும். பெயர்பெற்ற ஏல நிறுவனங்கள் தம் பட்டியல்களில் ஒவ்வொரு பழைய புட்டிக்கும் இந்த மட்டத்தைத் தவறாமல் குறிப்பிடுகின்றன. தங்கள் கட்டுரையோ, அந்தப் பட்டியல்களிலிருந்து விலையை எடுத்துக்கொண்டு மட்டத்தை விட்டுவிட்டது. புட்டியின் அளவும் கவனிக்கத் தக்கது. 750 மில்லிலிட்டர் புட்டியைவிட 1.5 லிட்டர் கொண்ட மாக்னம் புட்டியில் ஒயின் மெதுவாக முதிரும். தக்கை வழியாகப் புகும் காற்று ஏறத்தாழ ஒரே அளவாக இருக்க, அதை ஏற்கும் ஒயின் இருமடங்காக இருப்பதே காரணம். இவ்வளவு கவனம் எடுத்த பின்னும், தக்கையிலேயே தோன்றும் டிரைகுளோரோ அனிசோல் என்னும் சேர்மத்தால் நனைந்த அட்டையின் நாற்றம் ஏறி, மிக உயர்ந்த ஒயினும் கெட்டுப்போவதுண்டு. அதற்கு வயதும் இல்லை, தரவரிசையும் இல்லை.

லாத்தூர் நிறுவனமே இதையெல்லாம் உணர்ந்து எடுத்த ஒரு பெரிய முடிவைக் கட்டுரை குறிப்பிடாமல் விட்டது எனக்கு வியப்பளித்தது. போர்தோவின் உயர்ந்த தோட்டங்கள், ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே, அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில் அதை முன்கூட்டி விற்றுவிடும் ‘ஆன் பிரிமர்’ முறையைப் பின்பற்றுகின்றன. 1993 முதல் தோட்டத்தின் உரிமையாளராக இருக்கும் பிரான்சுவா பினோவின் நிர்வாகம், 2012-இல் இந்த முறையிலிருந்து லாத்தூர் விலகுவதாக அறிவித்தது. 2011-ஆம் ஆண்டு விளைச்சலே அவ்வாறு விற்கப்பட்ட கடைசி விளைச்சல். அதன் பிறகு, ஒயினைத் தோட்டத்தின் நிலவறையிலேயே வைத்திருந்து, குடிக்கத் தகுந்த பருவம் நெருங்கியதாக அவர்கள் கருதும்போது வெளியிடுகிறார்கள். 2012-ஆம் ஆண்டின் முதன்மை ஒயின் 2020-இல்தான் சந்தைக்கு வந்தது. புட்டி பிறந்த இடத்தைவிட்டு அசையாமல் கிடந்தது என்ற உறுதியைவிட மேலான சான்று பழைய ஒயினுக்கு வேறில்லை. அந்த வகையில் இம்முடிவை நான் முழுமனத்தோடு பாராட்டுகிறேன்.

ஆயினும் இரு குறைகளைச் சொல்லியாக வேண்டும். எட்டு ஆண்டு என்பது நல்ல ஆண்டின் லாத்தூருக்கு இளமைப் பருவமே. குடிக்கத் தகுந்தது என்ற பெயரில் வெளியிடப்பட்டதை உடனே திறந்துவிடலாம் என்று வாங்குபவர் நினைத்தால், அவருக்கு அந்த ஒயினின் உண்மையான முகம் தெரியாமலே போகும். இன்னொன்று, முன்பெல்லாம் ஒரு பெட்டியை இளமையில் வாங்கி வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரு புட்டியைத் திறந்து, ஒயின் எப்படி வளர்கிறது என்று தம் நாவாலேயே அறிந்தவர்கள் இருந்தார்கள். முதிர்ச்சியைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பகுதி அப்படிப்பட்ட பொறுமையாளர்கள் வைத்துப்போன குறிப்புகளிலிருந்து வந்ததுதான். காத்திருக்கும் வேலையைத் தோட்டமே எடுத்துக்கொண்டு, அந்தக் காத்திருப்பின் செலவையும் விலையில் ஏற்றிவிடும்போது, அத்தகைய அறிவு சேரும் வழி குறுகிவிடுகிறது. முதன்மை ஒயினுக்கு அடுத்த நிலையில் லாத்தூர் தரும் இரண்டாம் ஒயினான ‘லே ஃபோர் த லாத்தூர்’ 1966 விளைச்சலிலிருந்து இருந்துவருகிறது. அதே தோட்டத்தின் கைத்திறனைச் சற்று முன்னதாகவே காட்டும் ஒயின் அது. முதிர்ச்சி என்பதைக் கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு அதையே நான் பரிந்துரைப்பேன்.

ஒவ்வொரு புட்டிக்கும் ஏறும் காலமும், உச்சத்தில் நிற்கும் காலமும், இறங்கும் காலமும் உண்டு. சிறந்த ஆண்டின் லாத்தூரில் அந்த உச்சம் பல பத்தாண்டுகள் நீளலாம். அதுதான் அதன் அருமை. ஆனால் இறங்கத் தொடங்கிய புட்டியை மேலும் வைத்திருப்பதால் அதன் ஏல விலை ஏறக்கூடுமே தவிர, உள்ளே இருக்கும் ஒயின் மேம்படாது. பல கைகள் மாறி, யாரும் திறவாமலே கிடந்து வீணாகும் புட்டிகளைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம், அந்தச் சரளை நிலத்தில் குளிரிலும் வெயிலிலும் நின்று கொடிகளை வெட்டிப் பழங்களைக் கையால் பறித்தவர்களின் உழைப்புக்கு இது தகுமா என்று எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆகவே, இக்கட்டுரைத் தொடரின் அடுத்த பகுதிகளில் ஒரு பழைய ஒயினின் விலையைக் குறிப்பிடும்போது, அதனுடன் விளைச்சல் ஆண்டின் தன்மை, புட்டியில் ஒயின் நிற்கும் மட்டம், அது கிடந்து வந்த நிலவறை ஆகிய மூன்றையும் சேர்த்து வெளியிடுமாறும், கோபுரத்தைப் பற்றிய செய்தியைத் திருத்தி அச்சிடுமாறும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்